46 புள்ளி அபராதம் இல்லையென்றால் மார்க் மார்ட்டின் சாம்பியனா?

நாலாவதுகியர் (#1)

நாஸ்கார் (அமெரிக்கக் கார் பந்தயம்) பகுதியில் எந்த இழையைத் திறந்தாலும் ரிச்சர்ட் பெட்டி, டேல் எர்ன்ஹார்ட், ஜிம்மி ஜான்சன்தான். ஆளுக்கு ஏழு பட்டம். சரி, தகுதிதான். ஆனால் ஒரு பட்டம்கூட இல்லாத ஆள் ஒருவருக்கும் இழை வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. மார்க் மார்ட்டின்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1959இல் ஆர்கன்சா மாநிலம் பேட்ஸ்வில் ஊரில் பிறந்தவர். அப்பா ஜூலியன் லாரி கம்பெனி நடத்தியவர். பையன் பதினைந்து வயதில் மண் தடத்தில் பந்தயம் ஓட்டத் தொடங்கினான். அப்புறம் ஏஎஸ்ஏ என்ற தொடருக்குப் போய் 1978, 79, 80 என்று வரிசையாக மூன்று பட்டம். 1981இல் நாஸ்காரின் முதல்நிலைத் தொடரான கப் தொடரில் ஐந்தே பந்தயம் ஓட்டி இரண்டு முறை போல் (பந்தயத்தை முதல் இடத்திலிருந்து தொடங்கும் உரிமை) எடுத்தார். ஊரே திரும்பிப் பார்த்தது. அந்தத் தெம்பில் 1982இல் சொந்த அணி வைத்து முழு சீசன் ஓட்டினார். அதோடு காசு தீர்ந்தது. காரையும் கருவியையும் விற்க வேண்டி வந்தது. 1983இல் வேறொருவர் அணியில் சேர்ந்தார், ஏழு பந்தயத்தில் அனுப்பிவிட்டார்கள். இருபத்து நாலு வயதில் எல்லாம் முடிந்தது என்று ஊர் சொன்னது.

மனுஷன் திரும்ப ஏஎஸ்ஏவுக்கே போனார். 1986இல் அங்கே நாலாவது பட்டம். 1988இல் ஜாக் ரௌஷ் கப் தொடருக்கு அணி தொடங்கியபோது முதல் ஓட்டுநராக எடுத்தது இவரைத்தான். கார் எண் 6. முதல் வெற்றி 1989 அக்டோபரில், ராக்கிங்ஹாமில்.

அங்கிருந்து 2013 வரை ஓட்டினார். மொத்தம் 882 கப் பந்தயம், 40 வெற்றி, 56 போல். ஐந்து முறை ஆண்டுப் புள்ளிப் பட்டியலில் இரண்டாம் இடம்: 1990, 1994, 1998, 2002, 2009. முதல் இடம் ஒரு முறைகூட இல்லை.

இதில் 1990ஆம் ஆண்டுக் கதைதான் எனக்கு ஆறவே ஆறாதது. பிப்ரவரியில் ரிச்மண்ட் பந்தயத்தை ஜெயித்தார். பந்தயம் முடிந்த சோதனையில், கார்புரேட்டருக்கு அடியில் இருந்த ஸ்பேசர் விதியில் சொன்னதைவிட அரை அங்குலம் அதிகம் என்று கண்டுபிடித்தார்கள். 40,000 டாலர் அபராதம், கூடவே 46 புள்ளி வெட்டு. வெற்றியை மட்டும் விட்டுவைத்தார்கள். ஆண்டு முடிவில் எர்ன்ஹார்டிடம் எத்தனை புள்ளியில் தோற்றார் தெரியுமா? 26.

46ஐத் திருப்பிக் கொடுத்தால் இவர்தான் சாம்பியன். என் கட்சி இதுதான். எதிர்க்கட்சி வரலாம்.

கருப்பு3 (#2)

வந்துவிட்டேன்.

1990இல் எர்ன்ஹார்ட் 9 பந்தயம் ஜெயித்தார், மார்ட்டின் 3. அந்த மூன்றிலும் ஒன்று விதியை மீறிய சாமானோடு ஜெயித்தது. ஒன்பது எங்கே, மூன்று எங்கே? கொள்ளை போன வீட்டுக்காரர் மாதிரி புலம்ப வேண்டாம்.

நித்யா_புதுசு (#3)

அண்ணா, நான் ஃபார்முலா ஒன் மட்டும் பார்ப்பவள், அதனால் சின்னக் கேள்விதான். ஸ்பேசர் என்றால் என்ன? அரை அங்குலத்தால் கார் வேகமாகப் போய்விடுமா?

ஓவர்ஹாலிங்_ஆறுமுகம் (#4)

இதற்கு நான் பதில் சொல்கிறேன் அம்மா. முப்பது வருஷம் கார்புரேட்டர் கழுவின கை இது.

கார்புரேட்டரில் பெட்ரோலும் காற்றும் கலந்து கீழே இறங்கும். கீழே இன்டேக் மேனிஃபோல்ட் இருக்கும். அதுதான் ஒவ்வொரு சிலிண்டருக்கும் கலவையைப் பிரித்து அனுப்பும் குழாய்த்தொகுதி. இரண்டுக்கும் நடுவே வைக்கும் அலுமினியக் கட்டைதான் ஸ்பேசர். நான்கு போல்ட் போட்டு இறுக்கிவிடலாம். கட்டை உயரமானால் கலவை நேராக இறங்கி, வளைந்து திரும்ப இடம் கிடைக்கும். இன்ஜின் மேல்சுற்றில் (வேகமாகச் சுழலும்போது) கொஞ்சம் தாராளமாக மூச்சு விடும். கீழ்ச்சுற்றில் அதே அளவு மந்தமாகவும் ஆகலாம். சும்மா கிடைக்கிற லாபம் எதுவும் இன்ஜினில் கிடையாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே அரை அங்குல உயரத்தை மேனிஃபோல்டோடு வெல்டிங் வைத்திருந்தால் அது மேனிஃபோல்டின் பகுதி என்று ஆகியிருக்கும், விதிக்குள் வந்திருக்கும். போல்ட் போட்டு இறுக்கியதால் ஸ்பேசர் என்று ஆனது, தப்பு ஆனது. காற்றுக்கு வெல்டிங்கும் தெரியாது, போல்டும் தெரியாது. உள்ளே போகிற வழி ஒன்றுதான். இதனால் லாபம் எதுவும் கிடையாது என்று ரௌஷ் தரப்பு வாதாடியதில் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் விதிப்புத்தகம் கையில் இருக்கும்போது அளந்து பார்க்காமல் வண்டியை அனுப்பியது அணியின் தப்பு. ஒர்க்‌ஷாப்பில் நான் அப்படி அனுப்பினால் என் முதலாளி என்னைத்தான் திட்டுவார், அளவுகோலை அல்ல.

கணக்குப்பிள்ளை (#5)

46 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லையே.

அன்றைய முறையில் வெற்றிக்கு 175 புள்ளி. ஒரு சுற்றாவது முன்னணியில் இருந்தால் 5 கூடும், ஆக ஜெயிப்பவருக்குக் குறைந்தது 180. பத்தாம் இடத்துக்கு 134. இரண்டையும் கழித்தால் சரியாக 46. அதாவது வெற்றியைப் பறிக்காமலே, புள்ளியில் மட்டும் அவரைப் பத்தாம் இடத்தில் உட்கார வைத்த கணக்கு அது. கோப்பை உனக்கு, புள்ளி உனக்கில்லை.

எர்ன்ஹார்ட் 4430, மார்ட்டின் 4404. அபராதம் இல்லையென்றால் மார்ட்டின் 4450, இருபது புள்ளி முன்னால். நாலாவதுகியர் சொல்வது கூட்டல் கணக்கில் சரி.

இப்போது மறுபக்கம். கடைசி இரண்டு பந்தயம் மிச்சம் இருந்தபோது யார் முன்னணி? மார்ட்டின். 45 புள்ளி. அபராதத்தைக் கழித்த பிறகும் 45 புள்ளி முன்னால் இருந்தார். பீனிக்ஸில் எர்ன்ஹார்ட் ஜெயித்து, அதிகச் சுற்று முன்னணியில் இருந்ததற்கும் சேர்த்து 185 வாங்கினார். மார்ட்டின் பத்தாவது, 134. 51 புள்ளி ஒரே நாளில் போனது. 45 முன்னிலை 6 பின்தங்கலாக மாறியது. அட்லாண்டாவில் எர்ன்ஹார்ட் மூன்றாவது, மார்ட்டின் ஆறாவது, இன்னொரு 20. ஆறும் இருபதும் இருபத்தாறு.

ஆக, பட்டம் பிப்ரவரியில் ரிச்மண்டில் போகவில்லை, நவம்பரில் பீனிக்ஸில் போனது என்றும் வாதாடலாம். இரண்டு ஊரிலும் அவர் கையில் கிடைத்தது அதே 134 என்பது கூடுதல் கொடுமை.

நாலாவதுகியர் (#6)

கணக்குப்பிள்ளை, இரண்டு ஊரிலும் 134 என்பது எனக்கே தெரியாது. இத்தனை வருஷம் புலம்பியும் கவனிக்கவில்லை.

ஆனாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். 45 புள்ளி முன்னால் இருப்பவன் ஓட்டுகிற ஓட்டம் வேறு, அந்த 46ஐயும் சேர்த்து 91 புள்ளி முன்னால் இருப்பவன் ஓட்டுகிற ஓட்டம் வேறு. பின்னால் வருபவனுக்கும் அப்படித்தான். 91 என்றால் எர்ன்ஹார்டுக்கே நம்பிக்கை விட்டிருக்கும்.

கருப்பு3 (#7)

எர்ன்ஹார்டுக்கு நம்பிக்கை விடுவதா! நல்ல ஜோக். அந்த வருஷம் டேடோனா 500 என்ற நாஸ்காரின் மிகப் பெரிய பந்தயத்தில் கடைசிச் சுற்றில் டயர் வெடித்து, கையில் இருந்த பந்தயத்தை டெரிக் கோப்பிடம் விட்டுக்கொடுத்தவர் அவர். அதன்பிறகு ஒன்பது ஜெயித்தார். நம்பிக்கை விடுகிற ஜாதகம் கிடையாது.

இன்னொன்று. 1990 கடைசிப் பந்தயத்தை "மார்ட்டினின் துயரம்" என்று எழுதும்போது ஒரு விஷயத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அதே அட்லாண்டா பந்தயத்தில், பிட்டில் (பந்தயத்தின் நடுவே டயர் மாற்றி, பெட்ரோல் நிரப்பும் இடம்) கட்டுப்பாடு இழந்து வந்த கார் மோதி, பில் எலியட் அணியில் டயர் மாற்றிக்கொண்டிருந்த ஒருவர் இறந்துபோனார். 1991இலிருந்து பிட் சாலையில் வேகக் கட்டுப்பாடு வந்தது அதன்பிறகுதான். 26 புள்ளி பெரிய விஷயமே இல்லை.

நாலாவதுகியர் (#8)

அது சரி. அதில் வாதம் இல்லை.

ஃபார்முலா_மதுரை (#9)

இடது பக்கம் மட்டும் திரும்புகிற ஆட்டத்துக்கு இத்தனை பஞ்சாயத்தா? ராட்டினம் சுற்றுகிறவனுக்குப் பட்டம் கிடைத்தால் என்ன, கிடைக்காவிட்டால் என்ன.

சார்லட்_செந்தில் (#10)

தம்பி மதுரை, தப்பான ஆளிடம் வந்து இதைச் சொல்லிவிட்டாய்.

வாட்கின்ஸ் க்ளென் என்று நியூயார்க் மாநிலத்தில் ஒரு தடம். இடது, வலது, மேடு, பள்ளம் எல்லாம் உண்டு. ஒரு காலத்தில் உன் ஃபார்முலா ஒன் அமெரிக்கப் பந்தயமே அங்கேதான் நடந்தது. அங்கே 1993, 94, 95 என்று வரிசையாக மூன்று வருஷம் ஜெயித்தவர் மார்ட்டின். 1997இல் கலிபோர்னியாவில் சொனோமாவும் ஜெயித்தார், அதுவும் வளைந்து நெளிந்த தடம்தான்.

போனஸாக ஒன்று: 1995 டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தில் ரௌஷ் காரில் தன் வகுப்பில் முதலிடம் பிடித்த குழுவில் மார்ட்டினும் ஒருவர். கூட ஓட்டியது யார் தெரியுமா? நடிகர் பால் நியூமன். அப்போது அவருக்கு வயது எழுபது.

அப்புறம், ராட்டினம் என்கிறாயே, டேடோனாவின் வளைவு 31 டிகிரி சாய்வு. அதில் ஏறி நடந்து பார்த்தால் தெரியும், கையை ஊன்றாமல் ஏற முடியாது.

ஃபார்முலா_மதுரை (#11)

எழுபது வயது நடிகரா? சரி, தேடிப் பார்க்கிறேன். ராட்டினத்தை வாபஸ் வாங்கவில்லை.

நித்யா_புதுசு (#12)

மற்ற நாலு இரண்டாம் இடமும் இப்படித்தான் மயிரிழையிலா? ஐந்து முறையும் அநியாயம் நடந்தது என்றால் கொஞ்சம் சந்தேகம் வரத்தானே செய்யும்.

கணக்குப்பிள்ளை (#13)

நல்ல கேள்வி, இதைத்தான் ரசிகர்கள் கேட்பதில்லை.

1994இல் எர்ன்ஹார்டுக்கும் இவருக்கும் 444 புள்ளி இடைவெளி. அதை இரண்டாம் இடம் என்று சொல்வதே மரியாதைக்கு. 1998இல் ஜெஃப் கார்டனிடம் 364. 2009இல் 141. இந்த மூன்றிலும் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, எதிராளி மேல், அவ்வளவுதான்.

நெருக்கமானவை 1990உம் 2002உம். 2002இல் டோனி ஸ்டூவர்ட் 4800, மார்ட்டின் 4762. வித்தியாசம் 38. சீசன் முடிய இருந்தபோது ராக்கிங்ஹாமில் மார்ட்டின் இரண்டாவதாக வந்தார். சோதனையில் இடது முன்சக்கரத்துச் சுருள்வில் விதிப்படி இல்லை என்று 25 புள்ளி பறித்தார்கள். இந்த முறை கழித்தல் கணக்கு எதிர்க்கட்சிக்குச் சாதகம்: 25ஐத் திருப்பிக் கொடுத்தாலும் 13 புள்ளி குறைகிறது.

இரண்டு முறை பட்டத்துக்கு நெருங்கினார். இரண்டு முறையும் அவருடைய அணியின் காரில் அளவு தவறிய ஒரு சாமான் இருந்தது. என்னைக் கேட்டால் இந்த இழையின் தலைப்பில் மார்ட்டின் பெயருக்குப் பதில் அணியின் பெயர் இருக்க வேண்டும்.

ஓவர்ஹாலிங்_ஆறுமுகம் (#14)

இதைத்தான் நான் முதலில் சொன்னேன். ஓட்டுகிறவர் ஸ்பேசரை அளக்க மாட்டார். சுருள்வில்லை எண்ணிப் பார்க்க மாட்டார். சாவியைக் கொடுத்தால் நம்பி உட்காருவார்.

நாலாவதுகியர் (#15)

1998ஐ 364 என்ற ஒரே எண்ணில் முடித்துவிட்டீர்களே கணக்குப்பிள்ளை. அதற்கு நான் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் மார்ட்டின் ஏழு பந்தயம் ஜெயித்தார். அவர் வாழ்க்கையிலேயே அதுதான் அதிகம். சாதாரண வருஷமாக இருந்தால் ஏழு போதும். கார்டன் பதின்மூன்று ஜெயித்தார். பதின்மூன்று! மழை பெய்கிற நேரத்தில் கடலை வறுத்துக்கொண்டு வந்தவன் கதைதான்.

ஆகஸ்ட் 8. மார்ட்டினின் அப்பா ஜூலியன், சிற்றன்னை, அவர்கள் மகளான தங்கை மூன்று பேரும் நெவாடாவில் விமான விபத்தில் இறந்தார்கள். விமானத்தை ஓட்டியது அப்பாதான். சின்ன வயதில் மார்க்கை மடியில் வைத்து ஸ்டீயரிங் பிடிக்க விட்ட அப்பா. இரண்டு வாரம் கழித்து, ஆகஸ்ட் 22, பிரிஸ்டல் இரவுப் பந்தயம். அரை மைலுக்குச் சற்று அதிகமான கிண்ணம் மாதிரி தடம், 500 சுற்று, மூச்சு விட நேரம் கிடையாது. அதை ஜெயித்து அப்பாவுக்குச் சமர்ப்பித்தார்.

அதற்கு அடுத்த வாரம் நியூ ஹாம்ப்ஷயரில் கார்டன் கடைசி பிட்டில் இரண்டு டயர் மட்டும் மாற்றிக்கொண்டு, நாலு டயர் மாற்றிய மார்ட்டினுக்கு முன்னால் ஜெயித்தார். டயரில் ஏதோ ரசாயனம் ஊறவைத்திருக்கிறார்கள் என்று ரௌஷ் குமுறினார். நாஸ்கார் டயர்களைச் சோதனைக்கு அனுப்பியது. ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது. ரௌஷ் கத்திய அளவுக்கு மார்ட்டின் கத்தவில்லை. எனக்கு அவரைப் பிடித்ததற்குக் காரணம் அதுவும்தான்.

கருப்பு3 (#16)

கடலை வறுத்த கதையை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். உங்கள் ஊர்ப் பழமொழியா?

அப்பா விஷயத்தில் பேச ஒன்றுமில்லை. அந்த பிரிஸ்டல் பந்தயத்தை நானும் எழுந்து நின்றுதான் பார்ப்பேன்.

ஆனால் "கத்தவில்லை" என்பதில்தான் எனக்கும் உங்களுக்கும் சண்டை. மார்ட்டின் நல்ல மனிதர், மறுக்கவில்லை. பின்னால் வேகமான கார் வந்தால் கையைக் காட்டி வழிவிடுவார். நீண்ட பந்தயத்தின் தொடக்கத்திலேயே முட்டி மோதுவதில் அர்த்தமில்லை என்று நினைப்பவர். இன்று நீ விட்டால் நாளை நான் விடுவேன் என்ற கணக்கு. எர்ன்ஹார்ட் அந்தக் கணக்குப் புத்தகத்தையே வாங்கவில்லை. முன்னால் ஒருவன் நின்றால் பம்பரால் தட்டுவார், அவன் நகர்வான். பட்டம் என்பது அந்த ஐந்து புள்ளி, ஐந்து புள்ளியாகச் சேர்வதுதானே? வருஷத்தில் பத்து இடத்தில் வழிவிட்டால் ஐம்பது புள்ளி. 46க்கும் மேல்.

சார்லட்_செந்தில் (#17)

கருப்பு3 சொல்வது ஓரளவு சரி. ஆனால் நான் நார்த் கரோலினாவில் இருந்த வருஷங்களில் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சார்லட் தடத்தில் பந்தயத்துக்கு முன் ஓட்டுநர்களை ஒவ்வொருவராக மேடைக்கு அழைப்பார்கள். கார்டன் வந்தால் பாதிக் கூட்டம் ஊளையிடும், பாதி கைதட்டும். எர்ன்ஹார்ட் ஜூனியர் வந்தால் காது அடைக்கும். மார்ட்டின் வந்தால் எல்லோரும் கைதட்டுவார்கள். எனக்குப் பக்கத்து இருக்கையில் எர்ன்ஹார்டின் 3 எண் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர், அவருக்கு எழுபது இருக்கும், மார்ட்டினுக்காக எழுந்து நின்றார். எதிரணித் தொப்பி போட்டவனை எழுப்புகிற ஓட்டுநர் எத்தனை பேர்?

அப்புறம், சாது என்பதால் சோம்பேறி என்று நினைக்க வேண்டாம். ஓட்டுநர்கள் பந்தயம் முடிந்ததும் பீரைத் தேடிப்போன காலத்திலேயே எடை தூக்கி உடம்பை இறுக்கி வைத்தவர். உருவத்தில் சின்ன ஆள். முதுகுத்தண்டில் பெரிய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு திரும்பி வந்து ஓட்டினார். இந்த வயதிலும் ராப் பாட்டுதான் கேட்பார், அதில் குச்சி மேன் (Gucci Mane) என்ற பாடகரின் விசிறி. உருவத்துக்கும் ரசனைக்கும் சம்பந்தமே இல்லை.

கணக்குப்பிள்ளை (#18)

"நல்லவர் என்பதால் தோற்றார்" என்ற கட்சிக்கு எதிராக ஒரு ஆதாரம் இருக்கிறது. ஐராக் (IROC) என்று ஒரு தொடர் இருந்தது. பல வகைப் பந்தயங்களின் முன்னணி ஓட்டுநர்களை அழைத்து, எல்லோருக்கும் ஒரே மாதிரி தயாரித்த கார் கொடுப்பார்கள். அணியின் பணம், இன்ஜின் ரகசியம், ஸ்பேசர் தகராறு எதுவும் கிடையாது. அதில் அதிகப் பட்டம் மார்ட்டினுக்கு: 1994, 96, 97, 98, 2005. ஐந்து. அதிக வெற்றியும் அவருக்குத்தான், 13.

வருஷத்துக்கு நாலு பந்தயம் மட்டும் நடக்கும் தொடர் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கருப்பு3 சொல்வார்.

கருப்பு3 (#19)

சொல்லவிருந்தேன். எர்ன்ஹார்டுக்கு அதில் நாலு பட்டம் என்பதையும் சேர்த்து.

சிரிக்க ஒன்று: 1994இல் பிரிஸ்டலில் நாஸ்காரின் இரண்டாம் நிலைத் தொடர்ப் பந்தயம். கடைசிச் சுற்றுகள் மஞ்சள் கொடியில் போகின்றன, யாரும் யாரையும் முந்த முடியாது. மார்ட்டின் முதலில். சும்மா உருட்டிக்கொண்டு போனால் போதும். பந்தயம் முடிந்துவிட்டது என்று நினைத்து ஒரு சுற்று முன்னதாகவே உள்ளே திருப்பிவிட்டார்! பின்னால் வந்த டேவிட் கிரீன் ஜெயித்தார். இதற்கும் நாஸ்கார்தான் காரணமா?

நாலாவதுகியர் (#20)

அதை ஞாபகப்படுத்தாமல் இருக்க முடியாதா. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பது அவருக்கென்றே எழுதியது. ஆனால் அந்தத் தொடரில் மொத்தம் 49 ஜெயித்தார், கைல் புஷ் வந்து முறியடிக்கும் வரை அதுதான் சாதனை. ஒன்றை விட்டுக்கொடுத்தால் பரவாயில்லை.

நித்யா_புதுசு (#21)

2009இல் அவருக்கு ஐம்பது வயது ஆகியிருக்குமே? ஐம்பதில் இரண்டாம் இடமா?

சார்லட்_செந்தில் (#22)

அதுதான் அம்மா எனக்குப் பிடித்த வருஷம்.

2005ஐயே விடைபெறும் வருஷம் என்று அறிவித்தார். ரௌஷுக்கு ஆள் தேவைப்பட்டதால் 2006உம் ஓட்டினார். 2007இல் வேறு அணியில் பகுதி நேரம் மட்டும். அந்த வருஷம் முதல் நாலு பந்தயம் முடிந்தபோது புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தார்! எல்லோரும் தொடர்ந்து ஓட்டச் சொன்னார்கள். மனுஷன் சொன்ன சொல் மாறாமல் ஐந்தாவது பந்தயத்துக்கு வராமல் வீட்டில் இருந்தார். அறுநூறு பந்தயத்துக்கும் மேல் விடாமல் ஓட்டியவர் அன்றைக்குத்தான் முதல்முறை விட்டார்.

2009இல் ரிக் ஹென்ட்ரிக் கூப்பிட்டு 5ஆம் எண் காரைக் கொடுத்தார், முழு சீசன். பீனிக்ஸ், டார்லிங்டன், மிச்சிகன், சிகாகோ, நியூ ஹாம்ப்ஷயர் என்று ஐந்து வெற்றி. மிச்சிகன் கடைசிச் சுற்றுகளைத் தேடிப் பாருங்கள். முன்னால் போன ஜிம்மி ஜான்சனுக்குப் பெட்ரோல் தீர்ந்தது. அடுத்து முன்னால் வந்த கிரெக் பிஃபிளுக்கும் கடைசிச் சுற்றில் தீர்ந்தது. பெட்ரோலை மிச்சம் பிடித்து ஓட்டிய கிழவர் கோட்டைத் தாண்டினார். இருபது வருஷம் மற்றவர்களுக்கு நடந்த அதிர்ஷ்டம் அன்று ஒரு நாள் இவர் பக்கம் வந்தது.

அப்போது கடைசிப் பத்துப் பந்தயத்துக்கு முன் புள்ளிகளைச் சமப்படுத்தும் முறை வந்துவிட்டது. அந்தப் பத்தையும் முதல் இடத்திலிருந்து தொடங்கினார். முதல் பந்தயத்தையும் ஜெயித்தார். அதன்பிறகு ஜிம்மி ஜான்சன் நாலு ஜெயித்தார். ஒரே முதலாளியின் கார்கள் ஆண்டுப் பட்டியலில் முதல் மூன்று இடம்: ஜான்சன், மார்ட்டின், கார்டன். 1990இல் எர்ன்ஹார்ட், 1998இல் கார்டன், 2009இல் ஜான்சன். ஒவ்வொரு காலத்திலும் அந்தக் காலத்தின் பெரிய ஆள்தான் குறுக்கே நின்றார். வேறு யாருக்காவது இந்த மூன்று பேரிடமும் இரண்டாவதாக வரும் அளவுக்கு ஆயுள் இருந்ததா?

ஓவர்ஹாலிங்_ஆறுமுகம் (#23)

கடைசிச் செய்தி ஒன்று இந்த இழையில் விட்டுப்போய்விட்டது. 2013இல் டோனி ஸ்டூவர்ட் காலை முறித்துக்கொண்டு படுத்தபோது அவருடைய 14ஆம் எண் காரை வருஷ முடிவு வரை பெரும்பாலும் ஓட்டிக்கொடுத்தது மார்ட்டின்தான். 2002இல் 38 புள்ளியில் பட்டத்தைத் தட்டிச்சென்ற அதே ஸ்டூவர்ட். மார்ட்டினின் கடைசி கப் பந்தயமே அந்தக் காரில்தான்.

கருப்பு3 (#24)

பட்டம் இல்லாதவர்களில் இவர்தான் பெரியவரா என்றால் அதிலும் எனக்கு ஆட்சேபம் உண்டு. ஜூனியர் ஜான்சன் 50 ஜெயித்தார், ஓட்டுநராகப் பட்டம் இல்லை. டென்னி ஹாம்லின் ஐம்பதைத் தாண்டிவிட்டார். இந்த வரிசையிலும் மார்ட்டின் முதல் இடம் இல்லை.

நாலாவதுகியர் (#25)

பட்டம் இல்லாதவர்கள் பட்டியலிலும் முதல் இடம் இல்லை என்கிறீர்கள். அவருக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

2017இல் சார்லட்டில் நாஸ்கார் ஹால் ஆஃப் ஃபேமில் (புகழ் மண்டபம்) சேர்த்துவிட்டார்கள். பட்டம் கேட்கவில்லை வாசலில்.

நித்யா_புதுசு (#26)

நேற்று இரவு 2007 டேடோனா 500இன் கடைசிச் சுற்றைப் பார்த்தேன். கருப்பு நிற 01 கார்தானே மார்ட்டின்? முன்னால் போய்க்கொண்டிருக்கிறார், நாற்பத்தெட்டு வயதில், ஒரு முறைகூட ஜெயிக்காத பந்தயத்தை ஜெயிக்கப்போகிறார் என்று நினைத்தேன். வெளிப்பக்கம் மஞ்சளும் சிவப்புமாக 29 வருகிறது. பின்னால் கார்கள் மோதிச் சிதறுகின்றன, மஞ்சள் கொடி உடனே வரவில்லை. கோட்டில் 29 அரை மூக்கு முன்னால். ஒரு கார் தலைகீழாகத் தீயோடு வழுக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டியது!

கணக்குப்பிள்ளை (#27)

கெவின் ஹார்விக். 0.020 வினாடி. தலைகீழாகப் போனது கிளின்ட் பாயர், அடிபடாமல் இறங்கி வந்தார். மோதல் தொடங்கிய கணமே மஞ்சள் கொடி காட்டியிருந்தால் மார்ட்டின் முன்னால் இருந்திருப்பார் என்று இன்னும் சண்டை நடக்கிறது. அதற்குத் தனி இழை போடுங்கள், இதில் வேண்டாம்.

நித்யா_புதுசு (#28)

சண்டைக்கு வரவில்லை அண்ணா, ஒரு சந்தேகம்தான். அந்த 29ஐப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்து வேகம் கொடுத்தது ஒரு 17ஆம் எண் கார். அது யார்?

நாலாவதுகியர் (#29)

மாட் கென்செத்.

பையனிடம் திறமை இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று ரௌஷிடம் சொல்லி அவரை அணிக்குள் கொண்டுவந்து பழக்கிவிட்டவர் மார்க் மார்ட்டின். ரௌஷுக்கு முதல் கப் பட்டம் வாங்கிக்கொடுத்ததும் கென்செத்தான், 2003இல்.

நித்யா_புதுசு (#30)

ஐயோ.